சித்தப்பாவின் 373

லாஜிக் அனலைசர் என்னும் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று ஓர் இரவு முழுக்க விவாதித்திருக்கிறோம். தருக்கப் பகுப்பாய்வி என்றால் மணிமேகலையின் சமயக் கணக்கர் ஒருவர் எழுந்துவந்து எங்களை வாதுக்கு அழைப்பது போலிருந்தது. அளவை அலசி என்பது சலவைத்தூள் விளம்பரம் மாதிரி ஒலித்தது. கடைசியில் எங்கள் யோசனை எதுவும் நிற்கவில்லை. சித்தப்பா போகிறபோக்கில் வைத்த பெயர்தான் நின்றது. எட்டுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பலகையைப் பார்த்து ‘எட்டுக்கண்’ என்றார். பின்னால் அதற்குப் பதினாறு கம்பி ஆன பிறகும் எட்டுக்கண் என்றே அழைத்தார்.

நாங்கள் என்பது இருவர். ஒருவன் திருச்சியில் தமிழ் முதுகலைத் தேர்வை அப்போதுதான் எழுதி முடித்திருந்தான். மற்றவன் சித்தப்பாவின் மகன், மின்னணுப் பொறியியல் மூன்றாமாண்டு மாணவன். 2004ஆம் ஆண்டு கோடை. அந்த நாட்களில் எந்த வேலையை யார் செய்தான், எந்த யோசனை யாருடையது என்பதில் எங்களுக்குள் இன்றும் வழக்கு உண்டு. ஆகவே இதைப் பிரிக்காமல் நாங்கள் என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

சித்தப்பாவின் பட்டறை ஸ்ரீரங்கத்தில் கீழ அடையவளஞ்சான் வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய அறை. வால்வு ரேடியோவில் தொடங்கி, டிரான்சிஸ்டருக்கு வந்து, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி, வண்ணத் தொலைக்காட்சி என்று காலம் கொண்டுவந்த ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துக் கற்றவர். தொண்ணூறுகளில் ரேடியோ வேலை வற்றியபோது எலெக்ட்ரானிக் தராசுகளுக்கு மாறினார். அதற்கு அரசின் எடை அளவுத் துறையில் பழுதுபார்ப்போர் உரிமம் வாங்கவேண்டும். வாங்கி, சட்டம் போட்டு, ரங்கநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். தராசைத் திறப்பதென்றால் முத்திரையை உடைப்பதாகும். உடைத்தவன் சரிசெய்து, ஆய்வாளரிடம் மறுபடி முத்திரை பெறவேண்டும். ரேடியோ கெட்டுப்போனால் ஒரு வீட்டில் பாட்டு நிற்கும், தராசு கெட்டுப்போனால் ஊர் தன்னைத் திருடன் என்று சொல்லும் என்பார்.

அந்த வருடம் சொல்லிவிட்டார்கள்.

மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலை. முந்தைய ஐப்பசி மழையில் இடி விழுந்து அவர்களுடைய தராசின் மின்பலகை கருகியது. சித்தப்பா ஒரு சில்லை மாற்றிச் சரிசெய்து கொடுத்தார். கார்த்திகை, மார்கழி, தை ஒழுங்காக ஓடிய தராசு, பங்குனி வெயில் ஏறியதும் விபரீதமாக நடந்துகொள்ளத் தொடங்கியது. மூட்டை ஏற்றினால் 75 கிலோ என்று காட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் மறைந்து வேறேதோ எண் தோன்றி அப்படியே உறைந்துவிடும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஒரு நாளில் இரண்டு முறை நேரலாம், இரண்டு நாளைக்கு நேராமலும் இருக்கலாம். பட்டறைக்குக் கொண்டுவந்தால் சமர்த்தாக இருக்கும். ஆலைக்காரர் மூன்றாவது முறை அனுப்பியபோது, “உங்க கை பட்ட பிறகுதான் இப்படி ஆகுது, இனிமே துறைக்கு எழுதிப் போட வேண்டியதுதான்” என்று ஆளிடம் சொல்லியனுப்பினார். சொல்லியனுப்பப்பட்டது திண்ணையில் உட்கார்ந்திருந்த நான்கு பேர் காதிலும் விழுந்தது.

சித்தப்பா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடவில்லை. “நான் மாத்தினது ஒரே ஒரு 373. அது புதுசு, நல்லா இருக்கு” என்று சித்தியிடம் இரண்டு முறை சொன்னார். சித்தி கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

அவரிடம் ஒரு பழைய ஆசிலாஸ்கோப் இருந்தது. ஒரு கம்பியில் மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அலையாக வரைந்து காட்டும் கருவி. மீண்டும் மீண்டும் ஒரே மாதிரி நிகழ்வதைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல கருவியில்லை. ஆனால் தராசின் பலகையில் இருப்பது 8031 என்னும் நுண்கட்டுப்படுத்தி. அது தன் கட்டளைகளை வேறொரு நினைவகச் சில்லிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி நிறைவேற்றுகிறது. கேட்பதற்கு எட்டு, பத்துக் கம்பிகளில் ஒரே கணத்தில் ஒன்றும் சுழியுமாக ஒரு முகவரியை எழுதுகிறது. இப்படி ஒரு நொடிக்குள் சுமார் இருபது இலட்சம் முறை. அவற்றில் ஏதோ ஒரு முறை, இரண்டு நாளைக்கு ஒரு தடவை, தப்பு நேர்கிறது. ஒற்றைக் கம்பியை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் கருவிக்கு அது அகப்படாது. எல்லாக் கம்பிகளையும் ஒருசேரப் பார்க்கவேண்டும். பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். தப்பு நேர்ந்தவுடன் நிறுத்தி, அதற்கு முன் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் படிக்கத் தரவேண்டும். இதுதான் லாஜிக் அனலைசர். 1973இல் ஹியூலட் பேக்கார்டும் பயோமேஷனும் இவ்வகைக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. நாங்கள் விசாரித்த அன்று ஒரு நல்ல அனலைசரின் விலை, சித்தப்பாவின் பட்டறையை வாடகைக்கு விட்ட அந்த வீட்டின் விலைக்குப் பக்கத்தில் இருந்தது.

இன்று நிலைமை வேறு. தீப்பெட்டி அளவில் எட்டுக் கம்பிகளோடு, நொடிக்கு இரண்டு கோடியே நாற்பது இலட்சம் முறை பார்க்கும் சீனச் சரக்கு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கணினியில் படித்துக் காட்ட சிக்ராக் என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. எங்கள் கதையை இன்றைய மாணவர்களிடம் சொன்னால், அதை ஏன் வாங்கவில்லை என்று கேட்கிறார்கள்.

வாங்க முடியாததால் கட்டினோம். கட்டலாம் என்ற துணிவு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பொறியியல் பாடப்புத்தகத்திலிருந்து வரவில்லை. அந்த மே மாதம் 10ஆம் தேதி தமிழகத்தில் மக்களவைத் தேர்தல். நாடு முழுவதும் எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு வாக்குப்பதிவு எந்திரமே பயன்பட்ட முதல் மக்களவைத் தேர்தல் அது. வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பெரியவர், “இது நம்ம ரங்கராஜன் பண்ணின பெட்டிதானே?” என்று உரிமையோடு சொன்னார். சுஜாதாவைத்தான் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அந்த எந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர். தேவதைகளை எழுதியவர் என்று இலக்கிய உலகம் கொண்டாடும் அதே ஆளை, பெட்டி செய்தவர் என்றுதான் அந்தப் பெரியவர் அறிந்திருந்தார்.

‘சில்லு’ என்ற சொல்லே எங்களில் தமிழ் படித்தவனுக்கு சுஜாதாவின் ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ வழியாகத்தான் வந்து சேர்ந்தது. சில்லுகளைப் பற்றிப் பத்து வருடம் படித்திருந்தான். ஒன்றைக்கூடக் கையில் தொட்டதில்லை. நல்ல தமிழில் ஒரு விஷயத்தைப் படித்துவிட்டால் அது நமக்குத் தெரிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. அந்த மயக்கத்தில் ஊறியவர்களில் அவனும் ஒருவன்.

வாக்கு எந்திரத்தின் வரலாற்றில் சித்தப்பாவுக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக அதை வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாக்குச்சீட்டைத் தவிர வேறு முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் தீர்ப்பானது. 1988 டிசம்பரில் சட்டத்தைத் திருத்திய பிறகே எந்திரத்துக்கு வழி பிறந்தது. “பாருங்கடா, பெட்டி தப்புப் பண்ணலே. ஆனாலும் கோர்ட்டு வரைக்கும் போச்சு. எண்ணிச் சொல்ற சாமான் சரியா இருந்தா மட்டும் போதாது” என்று அந்த வாக்குப்பதிவு நாளன்று இரவு சொன்னார். எங்கே சுற்றி எங்கே வருகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் காந்தி மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடைகளைத் தேடிப் போனோம்.

அனலைசரின் உயிர் நினைவகம். வேகமான நினைவகம் வேண்டும், பணம் கிடையாது. அந்த வருடங்களில் 486 கணினிகளை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவற்றின் தாய்ப்பலகையில் கேஷ் என்று ஒரு வரிசை நினைவகச் சில்லுகள், கழற்றி எடுக்க வசதியாகக் குழிகளில் செருகியிருக்கும். ஒவ்வொன்றும் 32 கிலோபைட், 20 நானோ நொடிக்குள் பதில் சொல்லும். எங்களுக்கு அது தேவாமிர்தம். இரண்டு தாய்ப்பலகைகளைக் கிலோக் கணக்கில் வாங்கினோம். முகவரி எண்ணுவதற்கான 74161 வகை எண்ணிச் சில்லுகள் நான்கு சித்தப்பாவின் பிஸ்கட் டின்களில் இருந்தன. கணினி மின்வழங்கி ஒன்றும் அதே எடைக்கடையில் கிடைத்தது. இணைப்புக் கம்பிக்குத் தொலைபேசி கேபிள் துண்டு: உள்ளே ஜோடி ஜோடியாக வெவ்வேறு நிறம், எட்டுக் கண்ணுக்கும் எட்டு நிறம். ஓடை வடிகட்டி மாதிரி துளைகள் நிறைந்த பொதுப்பலகையில் இவற்றை நட்டு, அடியில் ஈயம் வைத்துப் பற்றவைத்தோம். ஏறக்குறைய நானூறு பற்று. எங்களில் தமிழ் படித்தவன் வைத்த பற்றுகளில் பாதி, புறநானூற்று வீரன் போலப் பளபளவென்று நின்றன. உள்ளே மின்சாரம் போகவில்லை. சித்தப்பா பக்கத்தில் வந்து, ஈயத்தைச் சூடாக்காதே, கம்பியைச் சூடாக்கு, ஈயம் தானாக வரும் என்றார். அதற்குமேல் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எதற்காகக் கட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரியாதது போலவே இருந்தார்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. 8031 ஒவ்வொரு முகவரியை எழுதி முடித்ததும் தனியே ஒரு கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பும். அந்தத் துடிப்பு வரும்போதெல்லாம் எட்டுக் கம்பிகளின் நிலையை நினைவகத்தின் அடுத்த அறையில் எழுதி, எண்ணியை ஒன்று கூட்டு. 32,768 அறை நிறைந்ததும் முதல் அறைக்கு வந்து பழையதை அழித்துக்கொண்டே எழுது. நிறுத்து என்றால் நிறுத்து. பிறகு கணினியின் அச்சுப்பொறித் துளை வழியாக நான்கு நான்கு துண்டாக உள்ளே இழுத்து, டர்போ சி-யில் எழுதிய ஒரு சிறு நிரல் திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு வரையும். மேடு ஒன்று, பள்ளம் சுழி.

மூன்று வாரம் ஆயிற்று. முதன்முதலாகத் தராசின் பலகையில் எட்டுக் கம்பியையும் கவ்வவைத்துத் திரையில் கோடுகள் எழுந்த இரவை விவரிக்க மாட்டோம், விவரித்தால் அதிகமாகிவிடும். சித்தியை எழுப்பிக் காட்டினோம் என்பதோடு விடலாம்.

ஆனால் அந்தக் கோடுகள் பொய் சொல்லின. வெறுமனே இருக்கும் தராசு ஒரே சுற்றைத்தான் திரும்பத் திரும்ப ஓடும். ஆகவே முகவரி வரிசையும் மாறாமல் திரும்ப வரவேண்டும். வந்தது. ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் ஏழாவது கம்பி, மேடாக இருக்கவேண்டிய இடத்தில் பள்ளமாக இருந்தது. தராசு நிஜமாகவே தவறான முகவரிக்குப் போயிருந்தால் அடுத்தடுத்த முகவரிகளும் திசைமாறியிருக்கும். அப்படி எதுவும் இல்லை; அடுத்த வரி ஒழுங்காகத் தொடர்ந்தது. ஆக, தராசு சரியாகத்தான் எழுதுகிறது, எங்கள் எட்டுக்கண்தான் தப்பாக வாசிக்கிறது. பற்றுகளையெல்லாம் மறுபடி தொட்டோம், கம்பியைக் குறைத்தோம், தரை இணைப்பைத் தடித்த கம்பியாக மாற்றினோம். போகவில்லை. நான்காம் நாள் சலிப்பில், வாசலில் காவல் நிற்கும் உள்வாங்கிச் சில்லைப் பிடுங்கிவிட்டு டின்னில் கிடந்த அதே எண்ணுள்ள இன்னொன்றைச் செருகினோம். 245க்கு 245. தப்பு மறைந்துவிட்டது. பழைய சில்லு கெட்டது என்று முடிவுகட்டி, வாசல் பக்கம் எறிந்தோம். ஏன் மறைந்தது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்தப் பத்து நாளும் தராசு எங்கள் கண்ணெதிரே இரண்டு முறை உறைந்தது. எண் தாவியதும் பொத்தானை அழுத்தி நிறுத்துவது எங்கள் திட்டம். மனிதக் கை அழுத்த ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். எங்கள் நினைவகத்தின் கொள்ளளவோ ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. நாங்கள் அழுத்துவதற்குள் திருடன் கொள்ளிடம் தாண்டியிருப்பான். நிறுத்தவேண்டிய கணத்தைக் கருவியே அறியவேண்டும். எதைக் கண்டு அறிவது? இங்கேதான் நின்றுவிட்டோம்.

இதற்கிடையில் எங்களில் தமிழ் படித்தவனுக்கு ஒரு வேலை வந்தது. பேராசிரியர் ஒருவர் கொடுத்த ஓலைச்சுவடிப் படிகளைப் பெயர்த்தெழுதும் வேலை. சுவடி வாசித்தவர்களுக்குத் தெரியும். ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும் எழுதுகிறவன் கை அதை விட்டுவிடும். ககரமா, ககர மெய்யா என்பதை வாசிப்பவன் முடிவுசெய்யவேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். ஒரே கீறல், ஒருவன் கண்ணுக்கு ஓரெழுத்து, இன்னொருவன் கண்ணுக்கு வேறெழுத்து. உ.வே.சா. 1887இல் சிந்தாமணியை அச்சேற்றுவதற்குப் பல ஏடுகளை ஒத்துப்பார்த்துத் தவித்ததெல்லாம் இதனால்தான். அவருக்குப் பாடம் சொன்ன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எங்கள் திரிசிரபுரத்தார் என்பதில் எங்களுக்குச் சிறு பெருமை. இந்த இடத்துக்கு அது அவசியமில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டோம்.

சுவடியில் இடையில் கை மாறினால், அதாவது வேறொருவர் தொடர்ந்து எழுதியிருந்தால், எழுத்தின் சாய்விலேயே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஒரு மதியம் தராசின் பலகையைச் சும்மா வாசித்துக்கொண்டிருந்தபோது சில்லுகளின் முதுகில் அச்சிட்டிருந்த பெயர்கள் கண்ணில் பட்டன. 74 எல்.எஸ். 138. 74 எல்.எஸ். 244. 74 எல்.எஸ். 47. எல்லாம் எல்.எஸ். நடுவில் ஒன்று மட்டும் 74 ஹெச்.சி. 373.

“இது மட்டும் ஏண்டா வேற கை?” என்று கேட்டான்.

பொறியியல் படித்தவன் பதில் சொல்லவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், நாங்கள் எறிந்த 245ஐத் தேடி எடுத்துவந்து விளக்கில் காட்டினான். அதுவும் ஹெச்.சி. நாங்கள் மாற்றிச் செருகியது எல்.எஸ்.

செய்யும் வேலையில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. வாசிக்கும் முறையில் உண்டு. எல்.எஸ். வகைச் சில்லு 2 வோல்ட்டைத் தாண்டிய எதையும் ஒன்று என்று ஏற்றுக்கொள்ளும். தான் எழுதும் ஒன்று 2.7 வோல்ட்டுக்குக் குறையாது என்றுதான் உறுதி தருகிறது. பழைய 8031 தரும் உறுதியோ 2.4 வோல்ட். ஹெச்.சி. வகை கண்டிப்பான வாசகன். 5 வோல்ட்டில் ஓடும்போது 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் அது ஒன்று என்று உறுதியாகச் சொல்லும்; அதற்குக் கீழே 1.5 வரை அதன் விருப்பம். எழுதுகிறவன் 3 வோல்ட்டில் ஒன்று என்று எழுதுகிறான். அனேகமாக எப்போதும் ஹெச்.சி.யும் ஒன்று என்றே வாசித்துவிடும். வெயில் ஏறி, எண்பலகையின் விளக்குகள் ஒரே சமயத்தில் எரிந்து தரைமட்டம் சற்று அசைந்த ஏதோ ஒரு கணத்தில் சுழி என்று வாசிக்கும். இந்தச் சங்கடத்துக்காகவே, ஹெச்.சி.யின் உடலும் எல்.எஸ்.ஸின் கண்ணுமாக ஹெச்.சி.டி. என்று ஒரு வகை செய்கிறார்கள். கடையில் கேட்டால் மூன்றையும் ஒரே 373 என்றுதான் கொடுப்பார்கள். சித்தப்பாவுக்கும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ‘டி’ இல்லை; அவ்வளவுதான்.

அப்படியானால் ஆலைக்காரர் சொன்னது உண்மை. சித்தப்பாவின் கை பட்ட பிறகுதான் இப்படி ஆனது.

அவர் குற்றமற்றவர் என்று நிறுவத்தான் இந்தக் கருவியைக் கட்டினோம். அன்று மாலை அம்மா மண்டபத்துப் படியில் போய் உட்கார்ந்திருந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். ஊகம்தானே, நிரூபணம் இல்லையே என்று ஒருவன் சொன்னான். நிரூபிக்காமல் விட்டுவிடலாமே என்பது அதன் பொருள். மற்றவன் ஒப்புக்கொள்ளவில்லை.

நிறுத்தவேண்டிய கணம் எது என்பது இப்போது தெரிந்திருந்தது. 373க்குள் நுழைவதும் அதிலிருந்து வெளிவருவதும் ஒன்றாக இருக்கவேண்டும், வேறுபட்டால் நிறுத்து. இரண்டு எண்களை ஒப்பிடுவதற்கென்றே 688 என்று ஒரு சில்லு உண்டு. திருச்சியில் இரண்டு கடை ஏறி இறங்கி எல்.எஸ். தானா என்று முதுகைப் பார்த்து வாங்கினோம். இன்னொரு கேஷ் சில்லையும் இன்னும் எட்டுக் கம்பியையும் சேர்த்தோம். மூன்றாம் நாள் பிற்பகல், பட்டறையில் எவருமில்லாத நேரத்தில், சிவப்பு விளக்கு தானாக எரிந்து நின்றிருந்தது. திரையில் பார்த்தோம். உள்ளே ஏழாவது கம்பி மேடு. வெளியே ஏழாவது கம்பி பள்ளம். அதற்கடுத்த முகவரிகள் எல்லாம் திசைகெட்டு ஓடின.

அன்றிரவு 373ஐக் கழற்றி எல்.எஸ். ஒன்றைச் செருகிவிட்டோம். ஒரு வாரம் வெயிலில் வைத்து ஓட்டினோம், அசையவில்லை. சித்தப்பாவிடம், தரை இணைப்பில் ஒரு பற்று விட்டுப்போயிருந்தது, இடி விழுந்தபோதே போயிருக்கவேண்டும் என்று சொன்னோம். இருவரும் சேர்ந்து யோசித்து உருவாக்கிய பொய். சுமாராகக் கட்டியிருந்தோம். “அப்படியா” என்றார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

முத்திரைக்கு அனுப்புவதற்கு முன் தராசைக் கடைசியாக ஒருமுறை திறந்து துடைப்பது அவர் வழக்கம் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம்.

காலையில் கூப்பிட்டார். பலகை மேசைமேல் இருந்தது. பூதக்கண்ணாடி பக்கத்தில் இருந்தது.

“நான் போட்டது எங்கே?”

எடுத்துக் கொடுத்தோம். இரண்டு சில்லுகளின் முதுகையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விளக்கச் சொன்னார். விளக்கினோம். 2 வோல்ட், 3.5 வோல்ட் என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, தானே முடித்தார். பிறகு, “எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

எல்.எஸ். சில்லை அவரே கழற்றினார். பழைய ஹெச்.சி.யைச் செருகினார். “எட்டுக்கண்ணை மாட்டுங்க” என்றார். மாட்டினோம். தராசின்மேல் ஒரு எடைக்கல்லை வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர், சித்தி சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. சாதத்தைத் தட்டில் போட்டு அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டரை மணிக்கு மேல், கூரைத் தகரம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், எண் தாவியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் போனார். மேலே எட்டுக் கோடு, கீழே எட்டுக் கோடு.

“இந்த ஒரு பள்ளந்தானா?”

“ஆமாம்ப்பா.”

“அச்சு எடுக்க முடியுமா?”

ஊசி அச்சுப்பொறியில் மடிப்புத் தாளில் எடுத்துக் கொடுத்தோம். அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். எல்.எஸ். சில்லைத் திரும்பச் செருகி, தராசை மூடி, முத்திரைக்குப் போகவேண்டிய சாமான்களோடு ஓரத்தில் வைத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஹெச்.சி. சில்லை ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டு, டி.வி.எஸ். 50ஐக் கிளப்பினார். நாங்களும் வருகிறோம் என்றோம். வேண்டாம் என்றார். ஆலைக்காரரிடம் என்ன சொன்னார், அவர் என்ன சொன்னார் என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, அந்த ஆலையின் இன்னொரு தராசு இருந்தது.